சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம்

"சிஸ்டர் பூட்டாங்கம்மா" என்று ராஜவேலு சார் போனில் சொன்னபோது, நான் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டு நூல் வாங்க வந்தவர்களுக்கு ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். எந்த சிஸ்டர் என்று கேட்கவில்லை. ஆரணியில் எத்தனையோ நர்சுகள் உண்டு. ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வருகிற நமக்கு சிஸ்டர் என்றால் தனபாக்கியம் சிஸ்டர் ஒருவர்தான்.

"காலைல வாக்கிங் வரல. போன் பண்ணேன், எடுக்கல. பக்கத்து வீட்டுக்காரங்கள எழுப்பிப் பாக்கச் சொன்னேன். தூக்கத்துலயே போயிருக்காங்க" என்றார். அவர் வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. சிஸ்டரோடு இந்த ஊரில் அதிகமாகச் சண்டை போட்டவர் அவர்தான்.

பிறகு அவருக்கு அஞ்சலி செலுத்தப் பூங்காவில் நாம் கூடியபோது என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். பேச நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர் அவர். கணவர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். ஒரே மகன் பிரபு சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு அங்கே வந்துவிடும்படி மகன் கூப்பிட்டபோது, "அங்க எனக்கு யாரத் தெரியும்? இங்க பாதி ஊருக்கு நான் ஊசி போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். குரல் கொஞ்சம் கரகரப்பு. யாரிடமும் குழைந்து பேசத் தெரியாது. வார்டில் அவரிடம் திட்டு வாங்காத நோயாளி இல்லை என்பார்கள். பூங்காவில் நானும் வாங்கியிருக்கிறேன்.

நம் பூங்கா வந்த கதை உங்களுக்குத் தெரியும். கமண்டல நாகநதிக் கரையில் ஊர்க் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்த இடத்தைச் சுத்தம் செய்து, நடைபாதை போட்டு, பெஞ்சு வைத்து, புங்க மரமும் பாதாம் மரமும் நட்டார்கள். ஒரு பக்கம் ஆறு. பெரும்பாலும் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் ஆறு. இன்னொரு பக்கம் எரிவாயு தகன மேடை. நடுவில் அப்போது இடுப்பளவுச் சுவர்தான் இருந்தது. புகைபோக்கியில் புகை வந்தால் நடக்கிறவர்கள் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். அந்த மூலையில் இருந்த சிமென்ட் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த பெஞ்சில்தான் நான் அவரைச் சந்தித்தேன்.

என் அப்பா இறந்த நாள் அது. நான் அவருக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைசிவரை கூடவே இருந்தேன். பெரியப்பா மகன் கொள்ளிச்சட்டி எடுத்தான். எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பிவிட வேண்டும். திரும்பினேன். வீட்டைக் கழுவத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான பலகையை யாரோ துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பின்கதவு வழியாக வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன். எங்கே போகிறேன் என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது. மயானத்துக்குள் போக முடியாது. பக்கத்தில் இருக்கிற பூங்காவுக்குப் போகலாம். சுவரோரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவருக்கு அப்பால் எங்கள் வீட்டு ஆண்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது.

நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் நின்று என்னைப் பார்த்தார். பிறகு வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"யாரு?" என்று கேட்டார்.

"எங்க அப்பா" என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. புகை வரத் தொடங்கியபோது நான் எழுந்து நின்றேன். அவரும் எழுந்து நின்றார். எல்லாம் முடிந்து ஆண்கள் வெளியே போனதும், "வீட்டுல தேடுவாங்க. குளிக்காம உள்ள போவாத, அதுக்கும் சேர்த்துத் திட்டுவாங்க" என்று சொல்லி ஆட்டோ நிற்கும் இடம்வரை வந்தார். பெயர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் பூங்காவுக்குப் போய் அவரைத் தேடினேன். அன்றிலிருந்து காலையில் அவரோடு நடந்தேன்.

என்னைப் போல அங்கே வந்து உட்கார்ந்த பெண்கள் வேறு பலரும் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மாமியாருக்குத் தெரியாமல் வந்தவர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். புங்க மரத்தடியில் நின்று எட்டிப் பார்ப்பார்கள். சிஸ்டர் பார்த்துவிட்டால் நடையை அங்கேயே நிறுத்திவிடுவார். போய்ப் பக்கத்தில் உட்கார்வார். நான் ஒருமுறை ஒரு பெண்ணிடம், எல்லாம் விதி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று என்னவோ சொல்லத் தொடங்கினேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு நடக்கும்போது, "அழறவங்களுக்கு ஆறுதல் சொல்லாத, விஜயா. அவங்க உன்னக் கேக்கலையே" என்றார்.

அவரும் தவறு செய்திருக்கிறார். ஒரு நாள் ஓர் இளம்பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அந்தப் பெண், "எழுந்து போங்க. கொஞ்ச நேரம் தனியா விடுங்க எல்லாரும்" என்று கத்திவிட்டாள். நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் எழுந்து வந்துவிட்டார். முகம் கறுத்துப் போயிருந்தது. "நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு யாராக இருந்தாலும் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். அவர்கள் நிமிர்ந்து பார்த்தால்தான் போவார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒரு நாள் அவரே சொன்னார். அவருடைய அம்மா இறந்தது அவர் வேலை பார்த்த அதே மருத்துவமனையில், அவருடைய வார்டிலேயே. அம்மாவின் உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, வாய்க்கட்டும் கால்கட்டும் கட்டியது அவர்தான். "எத்தனை பேரத் துடைச்சி அனுப்பியிருப்பேன். அதுல எங்க அம்மாவும் ஒருத்தங்க. வண்டியிலேருந்து எறக்கி வீட்டுல வெச்சி, தூக்கிகினு போகும்போது நானும் பின்னாடி போறேன். தெருமுனையில எங்க மாமா கைய நீட்டி நிறுத்திட்டாரு. அவரு அம்மாவத் தொடக்கூட இல்ல. பயம். நான் நின்னுட்டேன். அங்கதான், அந்த டியூப்லைட் கம்பத்துகிட்ட." சொல்லிவிட்டு, "சரி, நட" என்றார். அவ்வளவுதான். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது ராஜவேலு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். களம்பூரில் ஒரு அரிசி ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் நடைப்பயிற்சி சங்கத்தின் செயலாளர். பூங்காவில் ஒரு விளக்கு எரியாவிட்டால் நகராட்சிக்கு நடையாய் நடப்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"சிஸ்டர், காலைல மனசு நல்லா இருக்கணும்னுதான் வரோம். சுகர், பிரஷர், ஹார்ட்டு ஆபரேஷன் பண்ணவங்க வராங்க. சின்னப் புள்ளைங்க ஊஞ்சல் ஆட வருதுங்க. இங்க வந்து அழுதுகினு இருந்தா எப்படிங்க?"

"வேற எங்க போய் அழுவாங்க, நீங்களே சொல்லுங்க."

"வீட்டுல அழலாமே."

"வீட்டுலதான் எல்லாரும் இருக்காங்களே."

சங்கம் நகராட்சிக்கு மனுக் கொடுத்தது. சுவரை உயர்த்திக் கட்டினார்கள். இப்போது இருக்கிற, ஆள் உயரத்துக்கும் மேலான சுவர் அப்படி வந்ததுதான். கொத்தனார்கள் வேலை செய்த நாட்களில் சிஸ்டர் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை முடிந்து வெள்ளையடித்த அன்று போய்ப் பார்த்தார். சுவரில் கை வைத்துப் பார்த்தார். அவர் தோற்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

"நல்லதாப் போச்சு" என்றார். "எட்டிப் பாத்துட்டுப் போய்டலாம்னு இருந்துச்சு. இனிமே பாக்கணும்னா உள்ளதான் போவணும்."

கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாலை. வெம்பாக்கம் பக்கத்து கிராமத்து அம்மாள் ஒருத்தி, வயலில் வேலை செய்கிற உடம்பு, சுவரோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தாள். அப்போதும் சுவர் மறைத்தது. சிஸ்டர் தள்ளி நின்றார். அந்த அம்மாளே எங்களைப் பார்த்து வந்தாள்.

"எம் பொண்ணும்மா. இங்க கட்டிக் குடுத்தேன். பட்டுத் தறிக்காரங்க வீடு. நல்லவங்கதான், ஒண்ணும் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல்னாங்க, வேலூர் கொண்டுகினு போனாங்க, முடியலன்னுட்டாங்க. நான் பஸ்ஸு புடிச்சி வரதுக்குள்ள எடுத்துட்டாங்க. மூஞ்சியக்கூடப் பாக்கலம்மா. இங்க வந்தா இந்தச் செவுரு."

சிஸ்டர் கேட்டார்: "உள்ள போலாமா?"

"உடுவாங்களா?"

"தெரியல. கேட்டுப் பாக்கலாம். வேணாம்னா திரும்பிடலாம்."

அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தார். பூங்கா வாசல் வழியாக வெளியே வந்து, கரைச் சாலையில் சுற்றி, தகன மேடையின் கேட்டுக்கு. நானும் பின்னால் போனேன். கேட்டில் நின்ற ஆண்கள் எங்களைப் பார்த்ததும் முன்னால் வந்தார்கள். வயதான ஒருவர், "பொம்பளைங்க இங்க வரக்கூடாதுங்க, தெரியாதா?" என்றார். இன்னொருவர், "யாரும்மா நீங்க, எங்க குடும்பத்துல வந்து?" என்றார்.

சிஸ்டர் கூட்டத்தில் மொட்டையடித்துக்கொண்டு நின்ற பையனைத் தேடிப் பார்த்தார். இறந்தவளின் கணவன். சின்னப் பையன்தான்.

"தம்பி, இவங்க பெத்தவங்க. ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவாங்க. நீங்க வேணாம்னு சொன்னா இப்பவே கூட்டிகினு போய்டறேன். ஆனா நீங்க சொல்லுங்க. மத்தவங்க சொல்ல வேணாம்."

பையன் மாமியாரைப் பார்த்தான். கைகளால் முகத்தை மூடிக்கொண்டு ஓரமாக நகர்ந்தான். அவன் நின்ற இடம் வழியானது.

உள்ளே நான் பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. சிமென்ட் தரை, மின்விசிறி, சுவரில் ஒரு சாமி படம். அந்தப் பெண்ணை உலைக்குள் தள்ளுவதற்குத் தயாராக வைத்திருந்தார்கள். அம்மா குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் காசு ஒட்டியிருந்த இடத்தில் முடி ஒன்று விழுந்து கிடந்தது. அதை எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். வாய்க்கரிசி போட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. "இருட்டா இருக்கும்டி, பயப்படாத" என்று மட்டும் சொன்னாள். தகன மேடையில் வேலை செய்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் முடியும்வரை யாரும் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை.

ஊரில் பேச்சு எழ எவ்வளவு நேரம் ஆகும்? சிஸ்டர் பிணத்துக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்றார்கள். பூங்காவில் அவரைக் கண்டால் சிலர் எதிர்த் திசையில் நடந்தார்கள். ராஜவேலு சாரும் அதில் ஒருவர். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் இருந்துவிட்டார். சிஸ்டருக்கு அதுதான் உறைத்தது. "சண்டை போட்டா கூடப் பரவால்ல" என்றார்.

மகனுக்கும் உறவினர்கள் போன் செய்தார்கள். பேத்திக்கு மஞ்சள் நீர் விழா வைத்திருந்த சமயம் அது. சிஸ்டர் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று சிஸ்டருடைய கணவர் வீட்டுப் பக்கத்தில் சிலர் சொல்லிவிட்டார்கள். பிரபு அம்மாவிடம் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. விழா நாளன்று காலையில் சிஸ்டர் பூங்காவுக்கு வந்தார், அரக்கு நிறத்தில் புதுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு. எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் நானே எடுத்துக் கொடுத்த புடவை. காலில் வழக்கமாக நடக்கப் போடும் அந்தக் கேன்வாஸ் ஷூ. பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

"விழாவுக்குப் போகலையா சிஸ்டர்?"

"காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் புடவை?"

"எடுத்தாச்சி. கட்டாம என்ன பண்றது?"

வழக்கமாகச் சுற்றும் சுற்றுகளையெல்லாம் சுற்றினார். முந்தானையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். நடுவில் ஒரு இடத்தில் நின்று மூக்கைத் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி முன்னால் நடந்தேன். அப்படி அவர் எனக்குச் செய்திருக்கிறார்.

இதையெல்லாம் மட்டுமே எழுதினால் அவர் எப்போதும் இறப்போடு இருந்தவர் என்று தோன்றிவிடும். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும். அந்த வருஷ மழையில் ஆற்றில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். ஜவ்வாது மலைப் பக்கம் கொட்டிய மழை கரை தொட்டு ஓடியது. ஊரே பூங்காவில் நின்று வேடிக்கை பார்த்தது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். சிஸ்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செம்மண் நிறத் தண்ணீர், அதில் புரண்டு போகும் முள்மரம், தெர்மாகோல், ஒரு ஒற்றைக் கதவு. "பாரு விஜயா, கதவு போவுது, வூடு எங்கன்னு தெரியல" என்று சிரித்தார். அப்போது ராஜவேலு சார் சுட்ட சோளம் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். பிறகு ஒன்றை அவரிடம் நீட்டினார்.

"பல்லு இருக்குதா சிஸ்டர்?"

"உங்களவிட நல்லா இருக்குது."

இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சோளம் தின்றார்கள். சமாதானம் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மறுபடி ஒன்றாக நடந்தார்கள், மறுபடி சண்டையும் போட்டார்கள்.

அவருடைய கடைசிப் பயணத்தைப் பற்றி வெளியூரிலிருந்து சிலர் கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன். பிரபு கொள்ளிச்சட்டி எடுத்து முன்னால் போனார். பறைச் சத்தத்தோடு தெருமுனைவரை பெண்கள் எல்லோரும் வந்தோம். வழக்கமாகத் திரும்பும் இடம். நின்றோம். வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆண்கள் கொஞ்ச தூரம் போய்விட்டார்கள். பிறகு பிரபு நின்றார். அவர் நின்றதால் வண்டியும் நின்றது, பறையும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா நின்றார். வார்டில் சிஸ்டரோடு வேலை செய்த ஓய்வு பெற்ற நர்சு ஒருவர்தான் முதலில் நடந்தார். பிறகு எல்லோரும் நடந்தார்கள். ராஜவேலு சார் ஓரமாக ஒதுங்கி நின்று, போகிறவர்களுக்கு வழி விட்டார்.

நானும் சில அடி நடந்தேன். ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். சிஸ்டரின் தங்கை புஷ்பா அம்மா வரவில்லை. பூட்டியிருந்த சைக்கிள் கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போய், "வாங்க, போலாம்" என்றேன்.

"என்னால முடியாதும்மா. எனக்கு பயமா இருக்குது. அவ தைரியக்காரி. நான் இல்ல. நீ போ."

கூட்டம் போய்க்கொண்டிருந்தது. தகன மேடைக்குள் போய் சிஸ்டரின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. காலையிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன். அவர் இருந்தால் யார் பக்கத்தில் உட்கார்வார் என்று எனக்குத் தெரியும். படியில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்துப் புஷ்பா அம்மா பேசத் தொடங்கினார். "சின்ன வயசுல எனக்கு அவதான் தலை வாருவா. இழுத்து இழுத்து வாருவா, உயிர் போவும். அழுதா தலையில ஒரு குட்டு வேற" என்றார். தலையைத் தடவிக்கொண்டார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பறைச் சத்தம் ஆற்றுப் பக்கம் போய் நின்றது. நாங்கள் அங்கேயே இருந்தோம்.

சிஸ்டரிடமிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால், இதைத்தான் சொல்ல முடியும். உள்ளே போகிறவர்களோடு போகவும், போக முடியாதவர்கள் பக்கத்தில் உட்காரவும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் காரியத்துக்குத் தைரியம் வேண்டும். அது என்னிடம் எப்போதும் இருக்குமா என்று தெரியாது. இரண்டாவது எனக்கு வந்துவிட்டது. உள்ளே போய் அவர் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை. அது ஒரு குறையாக என்னிடம் இருக்கிறது, இருக்கட்டும். அன்று அந்தப் படியில் நான் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. புஷ்பா அம்மாவும் கேட்கவில்லை.